கடலுக்குப் போகாத நாளின் கணக்கு

நீர்மூழ்கிக் கப்பலை நடத்திப் பார்க்கும் கணினி விளையாட்டுகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது ‘சைலன்ட் ஹண்டர்’ வரிசை. 1996-இல் அது தொடங்கியது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ருமேனியக் கிளை உருவாக்கி 2005-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தைத்தான் உச்சம் என்பார்கள் அதில் ஊறியவர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் தலைவராக ஆடுபவர் அட்லாண்டிக்கில் அலைய வேண்டும். கடலில் இருக்கும்வரை விளையாட்டின் நுணுக்கம் வியக்கவைக்கும். எரிபொருள் எவ்வளவு மிச்சம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எதிரிக் கப்பல் எந்தக் கோணத்தில் போகிறது, மாலுமிகளில் யார் களைத்துப்போயிருக்கிறார் என எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. துறைமுகத்துக்குத் திரும்பியதும் அந்தக் கணக்கெல்லாம் நின்றுவிடும். திரையில் ஓர் அலுவலக அறை தோன்றும். அங்கே பதக்கம் வழங்கலாம், பதவி உயர்த்தலாம், சேர்த்துவைத்த நற்பெயர்ப் புள்ளிகளைச் செலவழித்துப் புதிய கருவி வாங்கலாம். அடுத்த ரோந்துக்குப் புறப்படச் சொன்னால் நாட்காட்டி வாரக்கணக்கில் தாவிவிடும். நசுங்கிய பெரிஸ்கோப்பை யார் கழற்றினார்கள், மாற்றுப் பொருள் வந்துசேர எத்தனை நாள் ஆனது, அதுவரை மாலுமிகள் எங்கே தங்கினார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

ஆடுபவரின் வசதிக்காகச் செய்த சிறு ஏற்பாடு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் கடலை நம்பிப் பிழைக்கும் ஊர்களைப் பற்றி அரசும் ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் யோசிக்கும் முறையிலும் இதே தாவல் இருப்பதால்தான் இது எழுதத் தகுந்த விஷயமாகிறது. மீன் எவ்வளவு பிடிபட்டது, முத்து எவ்வளவு கிடைத்தது, கடலில் என்ன ஆபத்து நேர்ந்தது என்பவற்றுக்கு ஏடுகள் இருக்கின்றன. இரண்டு பயணங்களுக்கு நடுவே கரையில் போகும் காலத்துக்கு அப்படி ஏடு கிடையாது. கடலில் என்ன நடக்கும் என்பதில் பெரும்பகுதி அந்தக் கரைக்காலத்தில்தான் முடிவாகிறது. அந்தக் காலத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு கடல்தொழில் நிலைக்கிறது அல்லது நசிகிறது. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையையும், அதில் திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள ஆலந்தலையையும் கவனித்தால் இது தெளிவாகும். வேம்பாறு முதல் மணப்பாடு வரை பரவர்களின் ஏழு கடல்துறைகள் என்று வழங்கும் பட்டியலில் ஆலந்தலைக்கும் இடம் உண்டு.

முதலில் எழும் மறுப்பு எளிமையானது. விளையாட்டு என்பது பொழுதுபோக்கு, கரையில் நடப்பதோ சலிப்பூட்டும் வேலை. அதை யார் ஆடுவார்கள்? சலிப்புதான் காரணம் என்றால் இந்த விளையாட்டுகள் கடலையும் வெட்டியிருக்க வேண்டும். நீர்மூழ்கி விளையாட்டைப்போலச் சலிப்பைக் கொண்டாடும் இன்னொரு வகை கணினி விளையாட்டுகளில் அரிது. நாட்கணக்கில் ஒரு கப்பலும் கண்ணில் படாத வெறுங்கடல், மழை, மூடுபனி, ஒலிக்கருவியில் காதை வைத்துக் காத்திருக்கும் இரவு எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன. பொறுக்காதவர்கள் நேரத்தை வேகமாக ஓட்டிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். ஆகவே கரை விடுபட்டதற்குக் காரணம் வேறு. கடலில் கதை ஒரே ஆளைச் சுற்றி வருகிறது. தலைவர் உத்தரவு இடுகிறார், கப்பல் கேட்கிறது. கரைக்கு வந்ததும் அவர் பலரில் ஒருவராகிவிடுகிறார். கப்பல்பட்டறை மேஸ்திரியின் வசதி, உதிரிப்பாகக் கிடங்கின் இருப்பு, ரயில் வந்துசேரும் நாள், மாலுமியின் வீட்டு நிலைமை என்று அவர் கைக்கு அடங்காதவை கூடிவிடுகின்றன. நாயகனின் அதிகாரம் எங்கே குறைகிறதோ அங்கே கதை வெட்டப்படுகிறது.

உண்மையான நீர்மூழ்கிப் போரை நடத்தியவர்கள் இந்த வெட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. பசிபிக் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் ஹவாய்க்குத் திரும்பியதும் கப்பலை மாற்று ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய மாலுமிகள் கரையேறிவிடுவார்கள். வைகீக்கி கடற்கரையில் இருந்த ராயல் ஹவாயன் ஓட்டலைக் கடற்படையே வாடகைக்கு எடுத்து, அவர்களுக்கு இரண்டு வாரம்போல ஓய்வு கொடுத்தது. அந்த நாட்களில் பழுது பார்ப்பது மாற்று ஆட்களின் பொறுப்பு. படகுக்கு வேண்டிய ஓய்வும் ஆளுக்கு வேண்டிய ஓய்வும் ஒன்றல்ல என்பதை அந்த நிர்வாகம் கண்டுகொண்டிருந்தது. அணுசக்தி நீர்மூழ்கிகள் வந்தபோது இது இன்னும் ஒரு படி போனது. 1960-இல் ரோந்துக்குக் கிளம்பிய ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலுக்கு இரண்டு முழு மாலுமிக் குழுக்கள்; ஒரு குழு கடலில் இருக்க, மற்றது கரையில் ஓய்வும் பயிற்சியும் பெறும். விலை உயர்ந்த கப்பல் சும்மா நிற்கும் நாட்களைக் குறைக்க வேண்டுமானால் கரையில் நிற்கும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு. கரைக்காலத்துக்கு ஒரு விலை வைத்து, அதைக் கருவூலத்திலிருந்து கொடுத்தார்கள்.

கொடுக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தமிழர்கள் நன்கறிந்த பினாங்கில் கிடைக்கிறது. ஜப்பானியர் வசமிருந்த அந்தத் துறைமுகத்தை 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் தளமாகக் கொண்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் வில்ஹெல்ம் டோம்மெஸ் தலைமையில் யூ-178 அங்கே வந்துசேர்ந்தது. பின்னால் அந்தத் தளத்தின் பொறுப்பும் அவரிடமே வந்தது. சூயஸ் தொடங்கி வங்காள விரிகுடாவரை பிரிட்டிஷ் கப்பல் போக்குவரத்தைக் குலைக்கத் தோதான இடம்தான். ஆனால் பட்டறையில் தேர்ந்த தொழிலாளர்கள் போதவில்லை. உதிரிப்பாகம் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்த டார்பிடோக்கள் கெட்டுப்போயின. பல மாதம் கடலில் கழித்துவிட்டு வந்த மாலுமிகளே எண்ணெய்க் கையோடு எஞ்சினைக் கழற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் கொடுக்க வந்த ஷார்லட் ஷ்லீமன், பிராகே என்ற கப்பல்கள் 1944 தொடக்கத்தில் அடுத்தடுத்து மூழ்கின. துறைமுக வாயிலில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் காத்துக்கிடந்தன, கண்ணிவெடிகளும் விழுந்தன. 1944 இறுதிக்குள் ஜெர்மானியர் பினாங்கை விட்டு நகர்ந்தார்கள். கடலில் திறமை குறைந்ததால் மட்டும் இந்த முயற்சி தோற்றது என்று சொல்ல முடியாது. திரும்பி வந்த கப்பலை மறுபடி கிளப்ப முடியாததும் தோல்விக்குப் பெரிய காரணம். இதே துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஜப்பானிய ஐ-29தான் 1943 ஏப்ரலில் மடகாஸ்கருக்கு அப்பால் சுபாஷ் சந்திர போஸை யூ-180-இலிருந்து ஏற்றிக்கொண்டது. படகு மாறிய அந்தக் கணத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஐ-29-ஐ அந்தப் பயணத்துக்குத் தயார்செய்த துறைமுக வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போர்க்கப்பலிலிருந்து முத்துக்கு வருவோம். முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுபவர்களும் மூழ்கும் நிமிடத்தையே எழுதுகிறார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக் குளியாள் இறங்குகிறார். ஏழெட்டுப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின் தாக்குப்பிடித்து, பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைப் பறித்துப் பைவலையில் போடுகிறார். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்கிறார். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள், ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மூச்சு வாங்குவார். இந்தக் காட்சியின் கவர்ச்சியில் நாட்காட்டி மறைந்துவிடுகிறது. தூத்துக்குடிக் கடலில் 1830-இல் குளிப்பு நடந்தது, அடுத்தது 1860-இல். 1860 முதல் 1862 வரை தொடர்ந்து நடந்தபின் 1889 வரை இல்லை. பிறகு 1900, 1908, 1914 என்று விட்டுவிட்டு. 1926 முதல் 1928 வரை மூன்று ஆண்டு. அதற்குப் பின் 1955 வரை ஒன்றுமில்லை. 1955-இல் தொடங்கிய வரிசை 1961-இல் முடிந்தது. அத்தோடு சரி. ஒவ்வொரு குளிப்பும் வாடைக் காற்று ஓய்ந்து கச்சான் காற்று வலுக்கும் முன் கடல் தெளிந்திருக்கும் சில வாரங்களுக்குத்தான். முப்பது ஆண்டு, இருபத்தேழு ஆண்டு, மறுபடியும் இருபத்தேழு ஆண்டு என்ற இந்த இடைவெளிகளை ஒரு குளியாளின் ஆயுளோடு வைத்துப் பாருங்கள். 1830-இல் மூழ்கியவரின் பேரன் 1860-இல் மூழ்கியிருக்கலாம். மகனுக்கு வாய்ப்பே கிடைக்காமல் போயிருக்கலாம். உலகம் முழுக்கப் பெயர்பெற்ற இந்தத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அந்தத் தொழில் நடக்காத ஆண்டுகளின் வரலாறு.

அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது? அரசு பார்களைச் சோதித்துக்கொண்டே இருந்தது. சோதனைப் படகு போகும், மூழ்குபவர்கள் மாதிரிச் சிப்பி எடுத்துவருவார்கள், அதை அழுகவைத்துக் கழுவிக் கிடைக்கும் முத்தை வணிகர்கள் மதிப்பிடுவார்கள். தேறும் என்றால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். பெரும்பாலும் தேறாது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1905-இல் வெளியிட்ட அறிக்கையிலும் பின்னால் 1922-இல் எழுதியதிலும் காரணங்களை விரிவாக ஆராய்ந்தார். குஞ்சுச் சிப்பிகள் பாரில் வந்து ஒட்டுவதே ஓட்டத்தையும் காற்றையும் பொறுத்தது. ஒட்டியவற்றை மணல் மூடலாம், திருக்கை தின்னலாம், சூரன் என்று கடலோடிகள் சொல்லும் சிப்பி பாய்போலப் படர்ந்து மூச்சு முட்டவைக்கலாம். தப்பியவை முத்து விளையும் பருவத்துக்கு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதற்குமேல் அதிகம் தாமதித்தால் தாமாகவே செத்துவிடும். ஆக, இடைக்காலம் என்பது கவனித்துக் காத்திருக்கும் வேலை நடக்கும் காலம். அந்த வேலைக்கு அரசிடம் பட்ஜெட் இருந்தது.

குளியாளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. குளிப்பு நடக்கும்போது அரசு தன் பங்காக மூன்றில் இரண்டு எடுத்துக்கொண்டது, மீதி மூழ்கியவர்களுக்கு. குளிப்பு நடக்காதபோது ஒரு பங்கும் கிடையாது. மூச்சை அடக்கும் பழக்கமோ, பாரின் அடையாளம் தெரிந்த கண்ணோ இருபத்தேழு ஆண்டு சும்மா கிடந்தால் அழிந்துவிடும். அழியாமல் காத்தது சங்கு. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போகும் சங்கை அதே ஆட்கள் அதே கடலில், முத்து இல்லாத ஆண்டுகளிலும் மூழ்கி எடுத்தார்கள். ஹார்னெல் சங்கைப் பற்றி 1914-இல் தனி நூலே எழுதினார். சங்கும் அரசின் ஏகபோகம்தான். அளவுக்குக் குறைந்த சங்கைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. முத்துக்கணக்கை மட்டும் படிக்கிறவர் சங்கை வேறு தொழில் என்று நினைப்பார். 1955-இல் தூத்துக்குடியில் குளிப்பு அறிவித்தபோது மூழ்க ஆள் கிடைத்தது எப்படி என்று கேட்டால் சங்கையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும். முத்துக்குத் தேவையான ஆளை இருபத்தேழு ஆண்டு பராமரித்த செலவை முத்து கொடுக்கவில்லை. சங்கில் தன் உழைப்பால் குளியாளே கொடுத்துக்கொண்டார்.

இடைக்காலம் இயற்கையின் செயல், அதில் யார் செலவு யார் வரவு என்று பேச என்ன இருக்கிறது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். சிப்பி எப்போது விளையும் என்பது இயற்கையின் செயல்தான். விளையாத காலத்தை யார் தாங்குவது என்பது மனிதர் செய்த ஏற்பாடு. இலங்கைப் பக்கத்துக் கதை இதைக் காட்டும். 1905-இல் அங்கே எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்த மகிழ்ச்சியில் அடுத்த ஆண்டே லண்டனில் ஒரு நிறுவனம் இலங்கை முத்துப் பார்களை இருபது ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. 1912-க்குள் நிறுவனம் மூடப்பட்டது. முதலீடும் விஞ்ஞான ஆலோசனையும் இருந்த அந்த நிறுவனத்தால் ஐந்தாறு வெற்று ஆண்டுகளைக்கூடத் தாங்க முடியவில்லை. எதிர்க்கரையில் குளியாட்கள் இருபத்தேழு ஆண்டு தாங்கினார்கள். அவர்களுக்குப் பணம் இருந்ததால் அல்ல. மூடிவிட்டுப் போக அவர்களுக்கு வேறு இடம் இல்லாததால்.

கரைக்காலத்தின் மேல் குளியாட்களுக்குக் கொஞ்சம் உரிமை இருந்த இடங்களும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் படம் ஒருதலையாகிவிடும். 1889-இல் நடந்த குளிப்பைக் கண்டு எட்கர் தர்ஸ்டன் எழுதிய குறிப்புகளில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. கத்தோலிக்கப் பரவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை குளிப்பு நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு நாளும் வருமானம் வரும் சில வாரக் குளிப்பில் ஏழில் ஒரு நாளை அரசு விட்டுக்கொடுத்திருக்கிறது. இன்னொன்று, சுறாவின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடற்கட்டிக்கு அரசே ஊதியம் கொடுத்தது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது வெளிப்படை. ஆனாலும் அவர் இல்லாமல் குளியாட்கள் இறங்கமாட்டார்கள் என்பது தெரியும். ஆட்கள் கூட்டமாக மறுக்கக்கூடிய இடத்தில் கரையின் தேவைக்கு விலை கிடைத்தது. மறுக்க முடியாத இடத்தில், அதாவது குளிப்பே இல்லாத ஆண்டுகளில், கிடைக்கவில்லை. சொல்லப்போனால், உலகின் பெரும்பாலான கடல் ஒப்பந்தங்களை இந்த ஒரு விதியை வைத்தே படித்துவிடலாம்.

ஆலந்தலையில் இன்று முத்தும் இல்லை, சங்குக் கல்லும் இல்லை. ஃபைபர் வள்ளமும் அவுட்போர்டு எஞ்சினும் வலையும்தான். நாலைந்து பேர் விடியுமுன் கிளம்பி வருவார்கள். கடலில் கழியும் நேரம் மற்றவர்களுக்குத் தெரிந்ததுதான். வள்ளம் கரையேறியபின் தொடங்குவது தெரியாத கணக்கு. மீன் மணலில் ஏலத்துக்குப் போகும். எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தில் வள்ளத்துக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பு போக்க வேண்டும், பாறையில் கிழிந்த வலையைப் பொத்த வேண்டும். பொத்தும் நேரத்துக்குப் பங்கில் தனி வரி கிடையாது. பிடி நன்றாக இருந்தால் அதில் அடங்கிவிடும், இல்லாவிட்டால் அது இனாம். காற்று அடித்து ஒரு வாரம் போக முடியாவிட்டால் வீட்டு நகை அடகுக்குப் போகும், அல்லது வியாபாரியிடம் முன்பணம் வாங்கப்படும். முன்பணம் வாங்கியவர் அவரிடமே மீனைக் கொடுக்க வேண்டும். கமிஷனும் அவர் சொல்வதுதான். கரையில் கழித்த ஒரு வாரம் அடுத்த பல மாதத்துக்கு ஒவ்வொரு கிலோ மீனிலும் சில ரூபாயைக் குறைத்துவிடுகிறது. ‘சைலன்ட் ஹண்டர்’ தலைவர் கடலில் சம்பாதித்த புள்ளியைத் துறைமுகத்தில் செலவழிப்பார். ஆலந்தலையில் செலவு முதலில் கரையில், கடனாக நடக்கிறது. கடல் அதை அடைக்கிறது. அந்தக் கடன் கடலில் எடுக்கும் முடிவையும் மாற்றும். எச்சரிக்கை வந்த நாளில் தயங்குகிறவர் யார், துணிந்து கிளம்புகிறவர் யார் என்பது வீரத்தை மட்டும் பொறுத்ததல்ல. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் பொறுத்தது.

விளையாட்டுக்குக் கடனைக் காட்டத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘டிரெட்ஜ்’ என்ற மீன்பிடி விளையாட்டு கடனில்தான் தொடங்குகிறது. ஊர்த்தலைவர் கொடுத்த படகுக்கு ஈடாக மீன் விற்ற பணத்தில் ஒரு பகுதி போய்க்கொண்டிருக்கும். கரையில் மீன் விற்பது, படகைச் சரிபார்ப்பது, சரக்கறையில் இடம் ஒதுக்குவது எல்லாம் அதில் ரசிக்கும்படி இருக்கின்றன. ஆக, கரை சுவாரசியமற்றது என்ற வாதம் செல்லாது. ஆனால் அந்தக் கடன் சீக்கிரம் அடைந்துவிடும். பிறகு ஆடுபவர் சுதந்திர மனிதர். கடனை ஒரு தடையாகக் காட்டத் துணிந்தவர்கள் கடன் வாழ்நாள் முழுக்க வரும் உறவு என்று காட்டத் துணியவில்லை. அது குறையல்ல, யார் ஆடப்போகிறார்கள் என்பதை நினைத்துச் செய்தது. நிர்வாகத்துக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

நிர்வாகத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஆண்டுதோறும் மீன்பிடித் தடை. 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள் ஆனது; ஜூன் 14 வரை. மீன் இனப்பெருக்கத்துக்காக என்ற நோக்கத்தில் பெரிய சண்டை இல்லை. அந்த 61 நாள் வெற்று நாளா என்பதில்தான் பார்வை பிழைபடுகிறது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் அந்த நாட்களில் விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை மாற்றி, வண்ணம் அடித்து, எஞ்சினைப் பிரித்து மாட்டுவார்கள். தச்சருக்கும் வெல்டருக்கும் அதுதான் வேலைக்காலம். படகு உரிமையாளருக்கு ஆண்டின் பெருஞ்செலவு வருவதும், படகில் வேலை பார்ப்பவருக்கு ஆண்டின் குறைந்த வருமானம் வருவதும் இதே இரண்டு மாதத்தில். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 131 ரூபாய். பழுது பார்க்கும் காலம் என்ற நினைப்பே அந்தத் தொகையில் இல்லை. பட்டினி கிடக்காமல் இருக்கக் கொடுக்கும் தொகை அது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. தடை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆலந்தலை வள்ளங்களுக்குத் தடை இல்லை. விசைப்படகு நிற்கும் இரண்டு மாதமும் வள்ளத்து மீனுக்கு விலை கூடும். ஒருவரின் கரைக்காலம் இன்னொருவரின் நல்ல காலம் என்றால் கரைக்காலத்தைப் பொதுவில் இழப்பு என்று எப்படிச் சொல்வது? சொல்லக்கூடாது என்பதுதான் சரி. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இழுவைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலில் இடத்தையும் நேரத்தையும் பிரித்துக்கொடுத்தது. ராமேசுவரம் பக்கம் வாரத்தின் நாட்களையே மூன்று, நான்கு என்று இரு தரப்புக்கும் பங்கிட்டார்கள். அங்கே கரையில் நிற்கும் நாள் ஒரு தரப்பு மற்றதற்குக் கொடுக்கும் வழி. ஆகவே எல்லாக் கரை நாளுக்கும் ஒரே நிவாரணம் என்பது என் கோரிக்கையல்ல. யார் முடிவால் நின்றது, யாருக்கு லாபமாக நின்றது என்று பிரித்து எழுத ஓர் ஏடு இருக்க வேண்டும் என்பதே. மீன் வரத்தைக் கணக்கிடும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் முறை பிடியையும் பிடிப்பதற்குச் செலவான முயற்சியையும் திறமாக அளக்கிறது. போகாத நாள் அதில் பூஜ்யமாகவே விழுகிறது. காற்றால் நின்றதா, தடையால் நின்றதா, எஞ்சின் பழுதால் நின்றதா என்பது அந்தப் பூஜ்யத்தில் தெரியாது.

இப்படி ஓர் ஏடு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். ஆலந்தலைக்கு வடக்கே இருக்கும் வ.உ.சிதம்பரனார் துறைமுகமே அதற்குப் பதில். அங்கே ஒரு சரக்குக் கப்பல் கட்டுத்துறையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு உண்டு. மழையால் நின்ற நேரம், கிரேன் பழுதால் நின்ற நேரம், சரக்கு வராமல் நின்ற நேரம் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்கு மேல் கப்பலை நிறுத்திவைத்தால் வாடகைக்கு எடுத்தவர் கப்பல்காரருக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். எந்தக் காரணத்துக்குக் கட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் வழக்குமன்றம்வரை போவார்கள். சும்மா நிற்பதை அளக்க முடியாது என்பதல்ல விஷயம். நின்றதற்கு யாராவது பணம் கொடுக்க வேண்டிவரும்போது அது நிமிடக்கணக்கில் அளக்கப்படுகிறது, யாரும் கொடுக்க வேண்டியதில்லை என்னும்போது அளவே இல்லாமல் போகிறது.

இது பழைய வரலாறாக முடிந்துவிடப் போவதில்லை. ஆலந்தலைக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள் ராக்கெட்டுகள் அங்கிருந்து நேராகத் தெற்கு நோக்கிக் கிளம்பும். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதலின்போது சுற்றுக்கடலில் மீனவர் போகக்கூடாது என்று அறிவிப்பது வழக்கம். இங்கும் ஏவுதல் நாட்களில் கடலின் ஒரு பகுதி மூடப்படும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. காற்றாலும் தடையாலும் நின்ற நாட்களோடு புது வகை நாள் ஒன்று சேரும். ராக்கெட் ஏவுவது குறித்த நேரத்தில் நடக்காமல் தள்ளிப்போவதும் அந்தத் தொழிலில் சாதாரணம். தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் வள்ளம் மறுபடி மணலில் நிற்கும், வாங்கிய ஐஸ் கரையும், முன்பணத்தின் மேல் இன்னொரு நாள் ஏறும். அந்த நாளை எந்தத் துறை எந்தத் தலைப்பில் எழுதுவது, ஒத்திவைப்பு அறிவிப்பு எத்தனை மணி நேரத்துக்கு முன்பு ஊர்க்கமிட்டிக்கு வர வேண்டும் என்பவற்றை முதல் ராக்கெட் கிளம்புமுன்பே தீர்மானித்துவிடலாம். சும்மா நின்ற நேரத்தைக் காரணம் வாரியாகப் பிரித்து எழுதும் படிவம் தூத்துக்குடித் துறைமுகத்தின் கப்பல் முகவர் அலுவலகங்களில் கட்டுக்கட்டாக இருக்கிறது.